இல்லாத திரைச்சீலைக் கடை

பம்பரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் அந்த அலுவலகத்தில் இரண்டே பேர். ஒருவருக்குக் கண்பார்வை சரியில்லை. மற்றவருக்குப் பொய் சொல்வது பொழுதுபோக்கு.

லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி இடது முழங்கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் தட்டிக்கொண்டே நடப்பாள். பம்பரம் என்று அலுவலகம் பெயர் வைத்தது அதனால்தான். ஜன்னலில் ஆரம்பித்துத் தண்ணீர்க் கேனைச் சுற்றி மறுபடி ஜன்னல். அந்த வழியில் தரை தேய்ந்து பள்ளமாகி, மழை நாளில் தண்ணீர் தேங்கியது என்றுகூடப் பேச்சு உண்டு. மாடியில் எப்படி மழை வரும் என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. சாப்பாடு நின்றபடி. தூக்கம் மட்டும் படுத்து என்று அவள் வீட்டுக்காரர் சாட்சி சொல்வார், அதுவும் கொஞ்சம் யோசித்துவிட்டு.

அந்த அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. கீழே நகல் எடுக்கும் கடை, மேலே இவர்கள். படியேறும் பெண்களைப் பார்த்தால் ஏதோ காகிதத்தை நகல் எடுக்க வந்தவர்கள் என்றுதான் தெருவில் நினைப்பார்கள். வீட்டுக்குள் அடி வாங்குகிறவர்கள், பூட்டி வைக்கப்படுகிறவர்கள், ஃபோனைத் தொடவே அனுமதி கேட்க வேண்டியவர்கள் அங்கே வந்தார்கள். அவர்களுக்காக வழக்கறிஞரிடமும் மருத்துவமனைக்கும் பாதுகாப்பு இல்லங்களுக்கும் அலைகிற சமூகப் பணியாளர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவி பெரியக்கா. எடை குறைந்த உருவம், கனமான செருப்பு. நடந்து வந்தால் செருப்புதான் முதலில் வந்து சேரும்.

பம்பரம் இங்கே சேர்வதற்கு முன் பொட்டலம் கொண்டு சேர்க்கும் நிறுவனத்துக்குச் செயலி வடிவமைத்தவள். உங்கள் பொட்டலம் இந்தத் தெருவில் திரும்புகிறது, இதோ உங்கள் வாசலில் என்று ஊரே பார்க்கும்படி செய்தவள். பொட்டலங்கள் போதும் என்று தோன்றி இங்கே வேலை கேட்டு வந்தாள்.

"எங்க வேலையப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்றார் பெரியக்கா.

"ஒண்ணும் தெரியாதுக்கா. ஆனா சீக்கிரம் கத்துக்குவேன்."

"தெரியாதுங்கறது பரவாயில்ல. சீக்கிரம்ங்கறதுதான் இடிக்குது."

இருந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் அங்கே எல்லாம் தலைக்குள் இருந்தது. எந்த இல்லத்தில் இடம் இருக்கிறது, யாருக்கு என்றைக்கு வழக்கு, யாரை எந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் அவரவர் மண்டைக்குள். ஒரு பணியாளருக்குக் காய்ச்சல் வந்தால் பத்துப் பெண்களுக்கு வழி அடைத்துப் போகும். அதைத் தலையிலிருந்து இறக்கி எல்லோரும் பார்க்கும்படி ஒரு செயலியில் வைப்பதுதான் பம்பரத்தின் வேலை.

வைத்தாள். நன்றாகவே வைத்தாள். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

பணியாளர்கள் அந்தப் பெண்களை அழைக்கும்போது யாரும் தங்கள் உண்மைப் பெயரைச் சொல்வதில்லை. ஒரு வீட்டுக்குப் பள்ளி வேன் ஓட்டுநர். இன்னொரு வீட்டுக்கு ஆயுள் காப்பீடு விற்பவர், ஏனென்றால் காப்பீடு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த வீட்டு மாமனார் ஃபோனை மருமகள் கையில் திணித்துவிட்டுக் கழிவறைக்கு ஓடிவிடுவார். இன்னொரு வீட்டுக்கு, எப்போது கூப்பிட்டாலும் வைக்காமல் பேசுகிற பழைய பள்ளித்தோழி. ஆளுக்கொரு வேஷம், நாளுக்கொரு குரல். பம்பரத்துக்கு இது துணி அலமாரியில் பாத்திரத்தை அடுக்கி வைத்தது போலிருந்தது. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரே வேஷமாக்கினாள்: திரைச்சீலைக் கடை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கடையின் சின்னத்தோடு, ஆர்டர் எண்ணோடு அழகான குறுஞ்செய்தி போகும். திரைச்சீலையைப் பற்றி எந்த ஆணும் கேள்வி கேட்க மாட்டான் என்பது அவள் கணக்கு. அவள் வீட்டுக்காரர் அப்படி. ஜன்னல் திரை தீப்பிடித்து எரிந்தாலும், நிறம் மாற்றினாயா என்றுதான் கேட்பார்.

அந்த வாரம் முழுக்கப் பெரியக்கா நீதிமன்ற வராந்தாவில் இருந்தார். ஃபோனில் கேட்டுவிட்டு, "பாத்துப் பண்ணு" என்று மட்டும் சொன்னார். மற்றவர்களுக்கு நேரம் மிச்சமானதில் சந்தோஷம்.

புதிய முறையில் போன முதல் செய்தி ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு. அலுவலகத்தில் அவளைத் தங்கச்சி என்றுதான் சொல்வார்கள். அவளுக்கும் அவள் சின்ன மகளுக்கும் தூரத்து ஊர் ஒன்றில் பாதுகாப்பு இல்லத்தில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் அந்த அறை வேறொருவருக்கு. 'உங்கள் திரைச்சீலை தயாராக உள்ளது. வெள்ளிக்கிழமைக்குள் பெற்றுக்கொள்ளவும்.' கீழே தொடர்பு எண்.

அந்த எண் பம்பரத்தினுடையது. சோதனை பார்ப்பதற்காகத் தன்னுடைய இரண்டாவது ஃபோன் எண்ணைப் போட்டிருந்தாள். அலுவலக எண்ணை மாற்றிப் போட மறந்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மருந்துக் கடை வரிசையில், ஒரே இடத்தில் நின்றபடியே நடந்துகொண்டிருந்தபோது அது அடித்தது.

"திரைச்சீலைக் கடைங்களா?" மென்மையான ஆண் குரல்.

"இல்லைங்க, ராங்..." என்று ஆரம்பித்தவள் நாக்கை அப்படியே மடித்து வைத்துக்கொண்டாள். "ரா... ராகு காலத்துல கூப்பிட்டீங்களேன்னு பாத்தேன் சார். சொல்லுங்க, கடைதான்."

"என் மனைவி திரைச்சீலை ஆர்டர் குடுத்திருக்காங்களாமே. எனக்குத் தெரியாம."

"ஆமா சார்."

"எந்த ஜன்னலுக்கு?"

மருந்துக் கடைக்காரர் சீட்டைக் கேட்டு மேசையைத் தட்டினார். பம்பரம் அவரையும் கடையையும் விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

"அதுதான் சார், எழுதி வச்சவரோட கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. உங்க வீட்ல எந்த ஜன்னல்ல திரை இல்ல?"

"பாப்பா ரூம்ல இல்ல."

"அதேதான் சார். அளவு மட்டும் ஒரு தடவ சரிபார்த்துச் சொல்லிடறீங்களா?"

பையில் அளவு நாடா இல்லாமல் லிஃப்ட் மெக்கானிக் உண்டா? சர்ரென்று நாடா இழுபடும் சத்தம் கேட்டது. அளவு சொன்னார். பிறகு, "நிறம் என்ன?" என்றார்.

"நேர்லயே பாருங்க சார். நாளைக்குக் காலைல வீட்டுக்கே கொண்டு வந்து மாட்டிக் குடுத்துடறோம்."

"எட்டு மணிக்கு வாங்க. நான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி. எனக்குத் தெரியாம வீட்டுக்குள்ள எதுவும் வரக் கூடாது."

நகல் கடைப் படிக்கட்டை அவள் எப்படி ஏறினாள் என்று கேட்காதீர்கள். படிகள் எதுவும் அவளைப் பார்க்கவில்லை.

பெரியக்கா முழுக்கக் கேட்டார். கோபம் வந்தால் அவர் செருப்பைக் கழற்றி வைப்பார். கழற்றி வைத்தார்.

"அவளுக்கு நாங்க யாரா இருந்தோம் தெரியுமா? பல் டாக்டர் கிளினிக். ஏன்னு கேட்டியா?"

"இல்லக்கா."

"அந்த ஆளு இருபது மாடி உசரத்துல கம்பியப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு சீட்டி அடிப்பான். ஆனா பல்லு குடையற மெஷின் பேரச் சொன்னா மூஞ்சி வெளுத்துரும். ஃபோனை அவகிட்ட குடுத்துட்டு வெளிய போயிடுவான். அது எங்க மூளையில உதிச்சதில்ல. அவ யோசிச்சுச் சொன்னது. அதக் கழட்டிட்டு நீ திரைய மாட்டியிருக்க."

பம்பரம் நடப்பதை நிறுத்தியிருந்தாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"இப்ப அவகிட்ட விஷயத்தச் சொல்லிடலாமேக்கா."

"எப்படி? ராத்திரி பூரா ஃபோன் அவன் கையில. போலீஸ் வேணாம்னு அவளே சொல்லியிருக்கா. போன தடவ வந்தவங்க வாசல்ல அவனுக்குப் புத்தி சொல்லிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் உள்ள நடந்தது உனக்கு வேணாம். நாளைக்குக் காலைல நீ ஒண்ணு சொல்லி, அவ வேற சொன்னா, அறை கைவிட்டுப் போறதோட முடியாது. திரைச்சீலை எங்க இருக்கு?"

"எந்தத் திரைச்சீலை?"

"நீ தயாரா இருக்குன்னு எழுதின திரைச்சீலை."

அந்த நேரத்துக்கு மேல் எந்தக் கடையும் தைத்துத் தராது. லிஃப்ட்காரர் சொன்ன அளவுக்குப் பக்கமாக வருகிற திரை பம்பரத்தின் வீட்டில் ஒன்றே ஒன்று. மாமியார் அறையில் தொங்கியது. கடுகு மஞ்சளில் பச்சைக் கிளிகள். கிளி என்று தயாரித்தவர் சொன்னதால் கிளி.

"அத்தை, உங்க ஜன்னல் திரைய ஒரு அவசரத்துக்கு எடுத்துக்கவா?"

"திரைக்கு என்னம்மா அவசரம்?"

காரணத்தை முழுதாகச் சொல்ல முடியாது. பாதி சொன்னாள். அத்தை மீதிப் பாதியைக் கேட்கவில்லை. ஸ்டூலில் ஏறித் தானே கழற்றினார். "பத்து வருஷமா இந்தக் கிளிங்க என்ன முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு. உன் புருஷன் வாங்கினானேன்னு பொறுத்துக்கிட்டேன்." அளவுக்கு வெட்டி, ஓரம் மடித்து, தையல் மெஷினை ஓட்டி முடித்துவிட்டு, "நிஜமான கடை இன்னும் கோணலாத் தைக்கும். போதும்" என்றார்.

காலையில் கதவைத் திறந்தவர் லிஃப்ட்காரர்தான். மடிப்புக் கலையாத சட்டை. "வாங்க" என்றார் மரியாதையாக. வாசலில் செருப்புகள் அளவு வாரியாக வரிசையில் நின்றன, குழந்தையின் செருப்பு கடைசியாக. வீடு அவ்வளவு சுத்தம். குழந்தையின் அறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருந்தது.

தங்கச்சி சமையலறை வாசலில் ஈரக் கையைத் துடைத்தபடி நின்றாள். பம்பரத்தை அவள் அதற்கு முன் பார்த்ததே கிடையாது. ஆனால் தான் கேட்காத ஒன்று தன் பெயரில் வந்தால் அதை அனுப்புகிறவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியும். முந்தின இரவு முழுக்கக் கணவர் அவளிடம் திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்காமல் இருப்பதுதான் அவர் கேட்கும் முறை.

"இவங்கதானே நீ ஆர்டர் குடுத்த கடை?" என்றார். "விரிச்சுக் காட்டுங்க. இதுதானா அந்த நிறம்?"

பம்பரம் விரித்தாள். கிளிகள் கூடம் முழுக்க முறைத்தன. அவளுடைய இரண்டு கால்களும் தனித்தனியாக ஓடப் பார்த்தன. இரண்டையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

தங்கச்சி மெதுவாக வந்தாள். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். கணவரைப் பார்க்கவில்லை. பம்பரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"நீங்க கேட்ட..."

"நானா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. கிளியா கேட்டேன்? மஞ்சள்ல கிளி. இதுக்குக் கண்ணு எங்க இருக்கு, வாலுக்குப் பக்கத்துல. பாப்பா ராத்திரி முழிச்சுப் பாத்தா ஊரக் கூட்டிரும்."

"மாத்திக் குடுத்துடறோம்மா. நாளைக்கே..."

"நாளைக்கு மயில் கொண்டு வருவீங்க. நாளன்னிக்கு யானை. ஓரத்தப் பாருங்க, பாம்பு போன மாதிரி தச்சிருக்கீங்க. சும்மாவா தர்றீங்க?"

லிஃப்ட்காரர் சிரித்தார். அந்த வீட்டில் அந்தச் சத்தம் எப்போதாவதுதான் வரும் போலிருந்தது. உள்ளறையிலிருந்து குழந்தை எட்டிப் பார்த்தது. "விடாத, நல்லாக் கேளு" என்றார் மனைவியிடம். "இப்படித்தான் இவங்க ஏமாத்தறது."

"இவங்க கொண்டு வர்றதெல்லாம் வேணாங்க," என்றாள் தங்கச்சி அவரிடம். "நானே கடைக்குப் போய் நின்னு மாத்திட்டு வரேன். பாப்பாவும் வரட்டும். அவ ரூம்தானே, அவ சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பம்பரத்தை. "எவ்வளவு நேரம் ஆகும்?"

"மெஷின் காலியா இருந்தா ஒரு மணி நேரம் சார். தைக்கறவர் சாப்பிடப் போயிட்டாருன்னா..."

"சாக்குப்போக்கு சொல்லாதீங்க." மனைவி பக்கம் திரும்பினார். "மத்தியானத்துக்குள்ள வரணும். மாத்தாம வராத."

தங்கச்சி திரையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். பை தேடுவதாகச் சத்தம் கேட்டது. கொஞ்சம் அதிக நேரமே தேடினாள். வெளியே வரும்போது பை புடைத்திருந்தது. வாங்கிக்கொள்ளப் பம்பரம் கை நீட்டினாள்.

"வேணாம். என் துணிய நானே தூக்கிக்கறேன்," என்றாள் இன்னும் கோபம் தீராத வாடிக்கையாளராக. ஃபோனை மட்டும் மறந்தது போலச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வந்தாள்.

தெருமுனையில் பெரியக்கா காரில் காத்திருந்தார். குழந்தையும் பையும் ஏறியதும் தங்கச்சி சீட்டில் சாய்ந்து, மூச்சை விட்டு, "நீங்க யாருன்னே தெரியல. ரொம்பத் திட்டிட்டேனா?" என்றாள் பம்பரத்திடம்.

"தைரியமாத் திட்டுங்க. இன்னும் பாக்கி இருக்கு எனக்கு," என்றாள் பம்பரம்.

பெரியக்கா அவளைக் காரில் ஏறவிடவில்லை. "நீ இங்கயே இரு. அவன் கூப்பிடுவான், எடு."

"எடுக்கணுமா? நம்பர அணைச்சிடலாம்னு பாத்தேன்."

"அணைச்சேன்னா நேரா பஸ் ஸ்டாண்டு, ஊருக்கு வெளிய போற ரோடுன்னு தேடிப் போவான். உன்கிட்ட கத்திக்கிட்டு இருக்கற வரைக்கும் வேற எங்கயும் தேட மாட்டான். நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் நீ கடை."

கார் போய்விட்டது. பம்பரம் நடக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் நடந்த தூரத்தை ஒரே திசையில் நடந்திருந்தால் கடல் வந்து வழிமறித்திருக்கும்.

மத்தியானம் திரும்பியதும் முதல் அழைப்பு. "வீட்டு ஃபோனை எடுக்க மாட்டேங்கறா. அங்கதான் இருக்காங்களா?"

"பாப்பாதான் சார் முடிவு பண்ணல. ரோஜா நிறம்னாங்க, எடுத்தோம். இப்ப வானத்து நிறம்ங்கறாங்க."

"அவகிட்ட குடுங்க."

"மாடில இருக்காங்க சார். குடோன் மாடியில."

அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது இணைப்பு அறுந்தது. ஏறும்போது மறுபடி வந்தது. இரண்டாவது தடவை தைக்கிறவருக்கு விரலில் ஊசி ஏறியிருந்தது. மூன்றாவது தடவை கடையில் மின்சாரம் இல்லை. நான்காவது தடவை வானத்து நிறத் துணியை எலி கடித்திருந்தது. பம்பரத்தின் வாயில் அவ்வளவு பெரிய கடை இருந்தது அவளுக்கே புதிது. ஆனால் பெரியக்காவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

"கடை எங்க இருக்கு?" என்றார் ஐந்தாவது தடவை. குரல் உயரவே இல்லை. "நான் வரேன்."

பொட்டல வேலையில் ஊரின் சந்து பொந்தெல்லாம் வரைந்தவள் அவள். பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிர்த் திசையில், துணிக்கடைகள் மட்டுமே உள்ள சந்துகளைச் சொன்னாள். "பச்சை ஷட்டர் சார். பாத்தாலே தெரியும்."

"இங்க நாப்பது பச்சை ஷட்டர் இருக்கு," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. பின்னால் மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம்.

"பட்டன் கடைக்குப் பக்கத்துல திரும்புங்க சார்."

"திரும்பிட்டேன்."

"நேராப் போனா ஒரு தண்ணித் தொட்டி. அத விட்டுட்டு இடது."

போனார். மறுபடி இடது, மறுபடி இடது. அவள் இந்தப் பக்கம் ஒரு பூங்காவைச் சுற்ற, அவர் அந்தப் பக்கம் சந்தைச் சுற்றினார். ஒரு கட்டத்தில் அவருடைய காலடிச் சத்தம் நின்றது. மூட்டைச் சத்தமும் கேட்கவில்லை.

"இது நான் ஏற்கனவே வந்த இடம்," என்றார்.

அவளும் பூங்காவின் நடுவில் நின்றாள்.

"இங்க கடையே இல்ல. இல்லையா?" மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதே மென்மையில், பக்கத்தில் நின்று காதில் சொல்வது போல, "நீ யாரு?"

அந்த நாள் முழுக்க எலியும் ஊசியும் ஓடி வந்த வாயில் இப்போது ஒன்றும் இல்லை. ஏதாவது சொல்லி இன்னும் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று தெரிகிறது, சொல் வரவில்லை. பையில் இருந்த மற்ற ஃபோன் அதிர்ந்தது. பெரியக்கா. இல்லத்தின் கதவு மூடியாகிவிட்டது, இருவரும் உள்ளே என்று செய்தி.

பம்பரம் அழைப்பைத் துண்டித்தாள். சிம்மைக் கழற்ற நகம் ஒத்துழைக்கவில்லை. வழியில் போன ஒருவர் தன் சாவிக்கொத்தின் ஊசியால் எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகும் அந்தப் பூங்காவை விட்டு வெளியே வர வாசல் எது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பெரியக்கா முன்னால் செயலியைத் திறந்து வைத்தாள். கடையின் சின்னம் இல்லை, ஆர்டர் எண் இல்லை, அழகான வாசகம் இல்லை. அழைக்கும் பொத்தானுக்கு மேல் ஒரு காலிக் கட்டம். அதை நிரப்பாமல் பொத்தான் வேலை செய்யாது. யாராகப் பேச வேண்டும் என்று அந்தப் பெண்ணையே கேட்டு நிரப்பவும் என்று எழுதியிருந்தது. காய்ச்சலில் கிடப்பவருக்குப் பதில் அழைக்கிறவர் திறந்து பார்த்தால், பள்ளி வேன் ஓட்டுநரும் காப்பீடு விற்பவரும் அவரவர் கட்டத்தில், ஏன் என்ற காரணத்தோடு இருப்பார்கள்.

"அசிங்கமாத்தான் இருக்கும்க்கா. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது," என்றாள்.

"இருக்கட்டும்," என்றார் பெரியக்கா. செருப்பு காலில்தான் இருந்தது. "முதல்ல தங்கச்சியோடத நிரப்பு. பல் டாக்டர் இனிமே அங்க எதுக்கு? கேட்டுடலாம்."

இல்லத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த புது எண்ணுக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார். பின்னால் குழந்தைகள் ஓடுகிற சத்தம். இனிமேல் நாங்கள் யாராகக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். பம்பரம் ஜன்னலுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில், கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நடந்தபடி காத்திருந்தாள்.

குழந்தைகளை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டுத் தங்கச்சி பேசினாள்.

"நீங்கன்னே சொல்லுங்கக்கா. இங்க ஃபோன் என் கையிலதான் இருக்கு."